புள்ளியும் கோடும்

சேலம், நாமக்கல் சமவெளியில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில், இராச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தவறாமல் எழும் கேள்வி, “வண்டி எங்கே நிக்குது?” என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால், டிரைவர் ஏதேனும் ஓர் ஊரில் எஸ்.டி.டி. பூத்தைக் கண்டு வண்டியை ஓரங்கட்டிப் பேசும் வரையில் காத்திருக்க வேண்டும். அவர் சொன்னதே ஆதாரம், அதை மறுப்பதற்கோ உறுதி செய்வதற்கோ வேறு சாட்சி கிடையாது. இன்று நாமக்கல்லின் எந்த லாரி ஆபீஸிலும் மேசைமேல் ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரையில் ஒரு வரைபடம். அந்த வரைபடத்தின்மேல் நாகபுரிக்கோ இந்தூருக்கோ போய்வந்த வண்டியின் வழி, நீலத்திலோ சிவப்பிலோ நெளிந்த ஒரு கோடாகத் தெரிகிறது. கோட்டைப் பார்த்தவுடன் உண்மையையே பார்த்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி, எந்த இடத்தில் பிழை என்பதை விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விசாரணைக்குக் கருவி தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம்முடைய பழைய தருக்க நூலார் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்துவைத்திருக்கிறார்கள். ஜிபிஎஸ் கருவி பதிந்துவைக்கும் ஒவ்வொரு புள்ளியும் காண்டல். புள்ளிகளை இணைத்து மென்பொருள் இழுக்கும் கோடு கருதல். வண்டியை ஓட்டியவன் சொல்வது உரை. இந்த மூன்றும் மூன்று வேறு பிரமாணங்கள் என்பதை மறந்து, இரண்டாவதையே முதலாவதாக மயங்கி, மூன்றாவதைக் காது கொடுத்தும் கேளாமல் விடுவதில்தான் இத்துறையின் பெரும்பாலான தகராறுகள் பிறக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

வழியை எண்ணாக்கி வைக்கும் ஆசை இந்தப் பகுதிக்குப் புதிதன்று. முற்காலத்தில் சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்து 1965இல் தனி மாவட்டமான தர்மபுரி வட்டாரத்தில், அதியமான் பெருவழி என்ற நெடுஞ்சாலையில் நாட்டப்பட்ட காதக் கற்கள் கிடைத்திருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கல்வெட்டு அறிஞர் கூறும் அக்கற்களில், நாவற்றாவளம் என்ற ஊருக்கு இன்னும் எத்தனை காதம் என்பது எழுத்தால் மட்டுமன்றிக் குழிகளாலும் குறிக்கப்பட்டிருக்கிறது. பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. எழுத்தறியாத வண்டிக்காரன் இருட்டில் கையால் தடவிப் பார்த்தும் தூரத்தை அறியலாம். கல்லில் குழித்த அந்தப் புள்ளிக்கும், இன்று சிலிக்கன் சில்லில் பதியும் புள்ளிக்கும் இடையில் எழுநூறு ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் சாலையிலே போகிறவனே நேரில் படித்தறியும்படி எழுதப்பட்டது பழைய புள்ளிதான் என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்வோம். பின்னால் பயன்படும்.

அடுத்த பெரும் முயற்சி வெள்ளைக்காரர் காலத்தது. 1802 ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளக்கத் தொடங்கிய வில்லியம் லாம்டன், அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானியைக் குன்றுக்குக் குன்று சுமக்கவைத்து, முக்கோணம் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அந்தக் கருவி சுவரில் மோதிச் சிதைந்த கதை பிரசித்தமானது. குமரிமுனையிலிருந்து வடக்கே ஓடிய அந்தப் பெரும் அளவீட்டின் முதுகெலும்பு 78ஆம் தீர்க்கரேகை. அந்த ரேகை சேலத்துக்கும் சங்ககிரிக்கும் இடையே நம் வயல்களின் ஊடாகத்தான் போகிறது. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரை இமயச் சிகரம் ஒன்று தாங்கியிருப்பதை எல்லாரும் அறிவர். பூமியின் வடிவத்துக்கு அவர் கணக்கிட்ட அளவு இந்தியத் தேசப்படங்களில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருந்தது என்பதையும், இன்றைய ஜிபிஎஸ் தடத்தைப் பழைய சர்வேத் தாளின்மேல் அப்படியே வைத்தால் நம் பக்கத்தில் நூறு மீட்டருக்குக் குறையாமல் விலகித் தெரிவதற்கு அதுவே காரணம் என்பதையும் அறிந்தவர் சிலர்.

மூன்றாவது கட்டம் வானத்தில் நடந்தது. அமெரிக்க ராணுவம் 1978இல் முதல் ஜிபிஎஸ் துணைக்கோளை ஏவியது. 1983இல் வழிதவறிய கொரிய விமானம் ஒன்று சோவியத் எல்லையில் சுட்டு வீழ்த்தப்பட்ட பிறகு, பொதுமக்களுக்கும் இந்த வசதி திறந்துவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 1995இல் அமைப்பு முழுமை பெற்றது. ஆயினும் ராணுவம் தன் எச்சரிக்கையின் பொருட்டுப் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்துவைத்திருந்தது. நூறு மீட்டர் அளவுக்குத் தள்ளாடிய அந்தப் பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் ஒரே இரவில் நீக்கப்பட்டது. அந்த இரவு நேர்ந்திராவிட்டால் நம் லாரி பைபாஸில் போயிற்றா, ஊருக்குள் நுழைந்ததா என்று எந்தத் திரையும் சொல்லியிருக்க முடியாது. 2013 ஜூலையில் முதல் கோளை ஏவித் தொடங்கிய இந்தியாவின் நாவிக் அமைப்பும் பின்னர் உடன் சேர்ந்தது.

சாஸ்திரம் எளிது, நிறைவேற்றம்தான் கடினம். ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள்கள் தத்தம் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. அந்த அலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் இடமும் நேரமும் தெரிந்துவிடும். ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் 300 மீட்டர் தவறும். எனவே கருவி முதலில் ஒரு கடிகாரம், அதற்கப்புறம்தான் வழிகாட்டி.

இனி ஒரு தடப்பதிவைத் திறந்து உள்ளே பார்ப்போம். கோடாகத் தெரிவதற்கு முன் அது வெறும் எழுத்து. 2002இல் உருவான ஜிபிஎக்ஸ் என்ற வடிவத்தில் பதிந்த கோப்பை ஏதேனும் ஒரு சாதாரண எழுத்துச் செயலியில் திறந்தால், வரிக்கு வரி அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்ற நான்கும் அலுப்பூட்டும் ஒழுங்கோடு இறங்கிக்கொண்டே போகும். பத்து விநாடிக்கு ஒரு புள்ளி என்று வைத்தாலும் எட்டு மணி நேர ஓட்டத்தில் 2,880 புள்ளிகள். அவற்றில் ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள்: 11.22, 78.17. நாமக்கல். புள்ளிக்குப் பின் ஐந்தாம் இலக்கம் வரையில் எழுதினால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நுட்பம். கருவிகள் ஏழு, எட்டு இலக்கங்கள் எழுதுவதைப் பார்த்து அவ்வளவு நுட்பமாக அளந்திருக்கிறது என்று மயங்கவேண்டியதில்லை. திறந்த வெளியில் சாதாரணக் கருவியின் பிழை சில மீட்டர். மிச்ச இலக்கங்களெல்லாம் அலங்காரம்.

இரண்டு எண்களின் வரிசை மாறினால் நேரும் வேடிக்கையையும் சொல்லவேண்டும். ஜிபிஎக்ஸில் அட்சம் இது, தீர்க்கம் இது என்று பெயரிட்டே எழுதப்படுகிறது. கூகுள் எர்த் படிக்கும் கேஎம்எல் வடிவத்திலோ பெயர் இல்லை, தீர்க்கரேகை முன்னால் வரவேண்டும் என்பது மட்டுமே விதி. ஒன்றை மற்றொன்றாகக் கைப்பட மாற்ற முயன்றவர்கள் இந்த விதியை மறந்தால், நாமக்கல்லில் முட்டை ஏற்றிய லாரி 78 பாகை வடக்கே, நார்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்துக்கு மேற்கே, உறைபனிக் கடலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இத்தகைய பெரிய பிழை நல்ல பிழை. யார் கண்ணுக்கும் தப்பாது. ஆபத்து சிறிய பிழைகளில்தான்.

உயரத்தில் அத்தகைய ஒன்று இருக்கிறது. ஜிபிஎஸ் அளப்பது கடல் மட்டத்திலிருந்து உயரத்தை அன்று. கணிதத்தால் வகுத்த ஒரு முட்டை வடிவப் பூமியின் பரப்பிலிருந்து உயரத்தை. இந்துமாக்கடலில் இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்பு குறைந்து, கடல் மட்டம் அந்தக் கணிதப் பரப்புக்கு நூறு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. உலகத்திலேயே ஆழமான அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் தமிழ்நாடு இருக்கிறது. அதனால் திருத்தம் செய்யாத கருவி, ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்திலுள்ள சேலத்தை 190 மீட்டர் என்று காட்டும். நல்ல கருவிகள் தாமே திருத்திக்கொள்கின்றன. மலிவானவை எல்லாம் அப்படிச் செய்வதில்லை. ஏற்காட்டுப் பாதையில் எத்தனை மீட்டர் ஏறினோம் என்று கணக்கிடுகிறவர்களுக்கு இதனால் நஷ்டமில்லை, ஏனெனில் அடியும் உச்சியும் ஒருசேரத் தாழ்கின்றன. ஓரிடத்தின் உயரத்தையே ஆதாரமாகக் கொள்கிறவர்கள்தாம் ஏமாறுகிறார்கள்.

இதுவரை புள்ளி. இனிக் கோடு.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் எழுபது கொண்டைஊசி வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை நிற்கும். அந்தப் பாதையில் ஒருமுறை அரசுப் பேருந்தில் போனபோது, என் கைபேசியில் விநாடிக்கு ஒரு புள்ளி வீதமும், நண்பர் ஒருவர் லாரியில் மாட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த கருவியில் அரை நிமிடத்துக்கு ஒரு புள்ளி வீதமும் பதிந்து வந்தோம். வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தபோது கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். கைபேசியின் தடம் மலையின் மார்பில் யாரோ நூல் கோத்துத் தைத்ததுபோல வளைவு வளைவாக ஏறிற்று. லாரிக் கருவியின் தடமோ, கைநடுக்கமுள்ள கிழவர் போட்ட கையெழுத்துபோல, சில வளைவுகளைத் தொட்டும் பலவற்றைத் தாண்டியும், சில இடங்களில் பாதையே இல்லாத பாறைச் சரிவின்மீது நேராக ஏறியும் போயிருந்தது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் பேருந்து 30 விநாடியில் 125 மீட்டர் போய்விடும். வளைவுக்கு முன் ஒரு புள்ளியும் வளைவுக்குப் பின் ஒரு புள்ளியும் விழுந்தால் நடுவிலுள்ள வளைவு கோட்டுக்குத் தெரியாது, அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வளைவுக்கு 20 மீட்டர் வீதம் விடுபட்டதாகக் கொண்டாலும் எழுபது வளைவில் 1.4 கிலோமீட்டர் காணாமற் போகிறது. அதே கருவியை நாமக்கல்லிலிருந்து கரூருக்குப் போகும் நான்கு வழிச் சாலையில் வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அரை நிமிடத்துக்கு 500 மீட்டர் தாண்டினாலும், சாலை நேராக இருப்பதால் பிழை பொருட்படுத்தத் தக்கதாக இராது. ஆக, ஒரே கருவி ஒரே நாளில் சமவெளியில் சத்தியவானாகவும் மலையில் பொய்யனாகவும் இருக்கக்கூடும். திசை திரும்பும்போதெல்லாம் கூடுதலாக ஒரு புள்ளியைப் பதியும் கருவிகள் இதற்குப் பரிகாரமாக வந்திருக்கின்றன. வாங்குகிறவர்கள் விலைக்கு அடுத்தபடி கேட்கவேண்டிய முதற் கேள்வி அது.

நடப்பவர்களுக்கோ பிழை நேர்மாறாக வருகிறது. தைப்பூசத்தை ஒட்டி எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடி சுமந்து நடக்கும் கூட்டத்தில் இன்று இளைஞர்கள் கைபேசியில் நடையைப் பதிந்துகொண்டே போகிறார்கள். நடப்பவன் விநாடிக்கு ஒரு மீட்டர் சொச்சம்தான் நகர்கிறான். கருவியின் தள்ளாட்டமோ இரண்டு, மூன்று மீட்டர். விநாடிக்கு ஒரு புள்ளியைப் பதிந்தால் நேராக நடந்தவனின் தடமும் குடித்தவன் நடைபோல இடமும் வலமும் ஒதுங்கி, கூட்டிப் பார்க்கும்போது நடந்ததற்கு மேலாகவே தூரம் காட்டும். முருகனிடம் சேரும் புண்ணியக் கணக்கில் இது சேருமா என்பது என் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

நின்ற வண்டி வரையும் சித்திரம் இன்னும் விநோதம். பட்டறையின் தகரக் கூரைக்கடியில் பாடி கட்டுவதற்காக நிறுத்தியிருக்கும் வண்டியின் தடத்தைப் பாருங்கள்: கோள்களின் சமிக்ஞை தகரத்திலும் சுவரிலும் பட்டுத் திரும்பிவந்து கருவியைக் குழப்புவதால், அசையாமல் நின்ற வண்டி சிலந்தி வலைபோல ஐம்பது மீட்டர் வட்டத்துக்குள் நூறு கோடுகள் கிழித்திருக்கும். அதைத் தூரமாகக் கூட்டினால் நின்ற இடத்திலேயே சில கிலோமீட்டர் ஓடியதாக வரும்.

இன்னொரு வகைப் பிழை ஆகாய மார்க்கம். லாரிக் கருவிக்குள் ஒரு சிம் இருக்கிறது. கருவி கண்ட புள்ளியை அந்த சிம்தான் அலுவலகத்துக்கு அனுப்புகிறது. மலையிடுக்கிலும் காட்டுப் பகுதியிலும் டவர் கிடைக்காத நேரத்தில், நல்ல கருவி புள்ளிகளைத் தன்னுள் சேமித்து வைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும், மற்றவை விட்டுவிடும். விட்டுப்போன இடத்தை மென்பொருள் வெற்றிடமாக விடுவதில்லை. அதற்கு வெற்றிடம் பிடிக்காது; இரண்டு முனைகளையும் பிடித்து ஒரு நேர்கோடு இழுத்து, அதையும் மற்றக் கோட்டின் அதே நிறத்தில், அதே கனத்தில் காட்டும். கண்டதையும் கருதியதையும் ஒரே மையால் எழுதும் இந்த வழக்கத்தைத்தான் நான் இத்துறையின் தலையாய குற்றமாகக் கருதுகிறேன். விட்டுப்போன இடத்தைப் புள்ளிக்கோடாகக் காட்டுவது மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு அரை நாள் வேலை.

இவை போதாதென்று இரண்டு திருத்தங்களை மென்பொருள் தானாகவே செய்கிறது. ஒன்று சுருக்குதல்: ஆயிரக்கணக்கான புள்ளிகளை வரைந்தால் திரை மந்தமாகும் என்பதற்காக, நேர்கோட்டிலிருந்து அதிகம் விலகாத புள்ளிகளைக் கழித்துவிடும் ஒரு முறை, 1973இல் டக்ளஸ், பியூக்கர் என்னும் இருவர் வெளியிட்டது, இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. மற்றொன்று சாலையில் ஒட்டவைத்தல்: புள்ளி வயலில் விழுந்தாலும் வண்டி சாலையில்தான் போயிருக்கும் என்ற அனுமானத்தால் அதை அருகிலுள்ள சாலைக்கு இழுத்துக்கொள்வது. அனுமானம் பெரும்பாலும் சரி. ஆனால் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் பிரதான சாலைக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் இடையே பத்துப் பதினைந்து மீட்டர்தான். டீக்கடை வாசலில் ஒழுங்காக ஓரங்கட்டி நின்ற வண்டியை, நடு நெடுஞ்சாலையில் நிறுத்தியதாகக் காட்டி டிரைவருக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர அந்த இடைவெளி போதும்.

வேகத்தைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம். கருவி வேகத்தைப் புள்ளிகளின் தூரத்திலிருந்து கணக்கிடுவதில்லை. அலையின் அதிர்வெண் மாறுபாட்டிலிருந்து, ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஊதல் ஒலி மாறுகிறதே அந்த நியாயத்தால், நேரடியாக அளக்கிறது. அது இடத்தைக் காட்டிலும் நம்பத்தக்கது. ஆனால் கோப்பில் அந்த வேகம் எழுதப்படாமல், பார்க்கும் மென்பொருள் புள்ளிகளைக் கொண்டு தானே கணக்கிட்டால், ஒரு புள்ளி தாவியதற்காகப் பாரம் ஏற்றிய லாரி 160 கிலோமீட்டர் வேகத்தில் பறந்ததாக வரும். எந்த வேகம் என்று கேட்டுத் தெளியாமல் யாரையும் கண்டிக்கக்கூடாது.

பார்ப்பதற்கான மென்பொருள்களைப் பற்றி நீண்ட பட்டியல் அவசியமில்லை. 2005இல் வந்த கூகுள் எர்த், மலையைத் தூக்கி நிறுத்திக் காட்டி, தடத்தை நேர வரிசைப்படி ஓட்டியும் காட்டுவதால், முதன்முறை பார்க்கிறவர்களுக்கு அதைப்போல உற்சாகம் தருவது வேறில்லை. தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் வண்டி எங்கே வேகம் பிடித்தது, எங்கே பிரேக்கைத் தேடிற்று என்பதைத் திரையில் பார்த்தாலே வயிறு கலங்கும். ஆராய்ச்சிக்கு க்யூஜிஐஎஸ், இலவசம், சற்றுப் பழகவேண்டும், புள்ளிகளைக் கோடாக்காமல் புள்ளிகளாகவே, நேரத்தின்படி நிறம் பிரித்துக் காட்டும் வசதி அதில் இருப்பதால் எனக்குப் பிடித்தமானது அதுவே. இஸ்ரோவின் புவன் 2009இலிருந்து இருக்கிறது. அதன் படங்களைப் போற்றலாம், வேகத்தைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். லாரி ஆபீஸ்களில் காணப்படும் வாடகை மென்பொருள்களோ, ஓனர் விரும்பும் அறிக்கைகளை அழகாக அச்சிட்டுத் தருகின்றன. மூலப் புள்ளிகளைக் கேட்டால் பலவற்றில் அதற்கான பொத்தானே இருப்பதில்லை.

இவற்றோடு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைத் தனியே சொல்லவேண்டும். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இம்முயற்சியில், தொடக்க காலத்துச் சாலைகளில் பல, சாதாரண மனிதர்கள் சைக்கிளிலும் காரிலும் போய்ப் பதிந்துவந்த தடங்களைப் பார்த்தே வரையப்பட்டவை. வரைபடத்தின்மேல் தடத்தை வைத்துப் பார்ப்பது வழக்கம். தடங்களை அடுக்கி அடுக்கி வரைபடத்தையே உண்டாக்கியது இவர்கள் செய்த புரட்சி. ஒரே சாலையில் இருபது பேர் போன தடங்களை ஒன்றாக வைத்தால் ஒவ்வொருவருடைய பிழையும் மற்றவருடையதால் கழிந்து நடுவே உண்மையான பாதை தடித்துத் தெரியும். இந்தியாவில் வரைபடம் வரைவதற்கு இருந்த அனுமதிக் கெடுபிடிகள் 2021 பிப்ரவரியில் பெரிதும் தளர்த்தப்பட்ட பின்னும், நம் பக்கத்துத் தோட்டச் சாலைகளும் ஏரிக்கரைத் தடங்களும் பல வரைபடங்களில் ஏறவில்லை. போர்வண்டிக்காரர்கள் மனம் வைத்தால் ஏற்றிவிடலாம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி ராஜஸ்தான் வரையில் ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் அவர்களைப்போல, பெயரில்லாத வண்டிப்பாதைகளில் நுழைந்து புறப்படுகிறவர்கள் இந்த நாட்டில் வேறு யார்?

போர்வண்டியைச் சொன்னதால் இன்னொன்று. லாரிக்காரருக்கு வண்டி நின்றால் நஷ்டம். திரையில் நெடுநேரம் ஒரே இடத்தில் குவிந்த புள்ளிகளைக் கண்டால் அவர் புருவம் நெறிகிறது. போர்வண்டிக்காரருக்கு வண்டி நிற்பதே வேலை. ஏதோ ஒரு கரிசல் காட்டில் எட்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும் புள்ளிக்கூட்டம்தான் அவருக்குக் காசு. ஒரே குறி, இரண்டு பொருள். புள்ளியைக் கண்ட கருவிக்கு இந்த வேற்றுமை தெரியாது. அதைச் சொல்லவேண்டியவன் வண்டியோடு போனவன். இங்கேதான் மூன்றாம் பிரமாணமாகிய உரை விசாரணைக்குள் வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பழக்கமான ஒரு லாரி உரிமையாளர், ஊரும் பெயரும் வேண்டாம், கையில் ஒரு தாளோடு என் வீட்டுக்கு வந்தார். முட்டை ஏற்றிக் கேரளத்துக்குப் போன வண்டியின் தடத்தைக் கோப்பாக வாங்கித் தம் மகனின் கணிப்பொறியில் வேறொரு மென்பொருளில் திறந்து பார்த்ததாகவும், வண்டி சாயங்காலம் நாலரை மணிக்கே கிளம்பியிருப்பதாகவும், லோடு ஏற்றி முடித்ததோ இரவு ஒன்பதரைக்குத்தான் என்றும், ஆகவே டிரைவர் தம் சொந்த வேலையாக வண்டியை எங்கோ ஓட்டிப்போயிருப்பது நிச்சயம் என்றும் சொன்னார். இரண்டு நாள் பேட்டாவைப் பிடித்துவிட்டார். டிரைவரும் உடன் வந்திருந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னபோதும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நாலரைக்கு நான் ஊட்டுலதானுங்க இருந்தேன். வண்டி எடுக்கறப்ப மணி பத்துங்க. வேணும்னா அந்த லோடுமேன் பசங்களக் கேட்டுப் பாருங்க” என்றார்.

“லோடுமேன் சொல்றது பொய்யா இருக்கலாம், சாட்டிலைட் பொய் சொல்லுமா?” என்றார் உரிமையாளர்.

சாட்டிலைட் பொய் சொல்லவில்லை. தாளில் நேரத்துக்குப் பின்னால் ‘இசட்’ என்று ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் எப்போதும் உலகப் பொது நேரத்தில்தான் எழுதப்படுகிறது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. நாலரையோடு ஐந்தரையைக் கூட்டினால் பத்து. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிய நேரம், டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பணம் கழித்த நேரம், திருச்சூரில் இறக்கிய நேரம் எல்லாவற்றையும் அவ்வாறே கூட்டிப் பார்த்தோம். டிரைவர் சொன்னதற்கு ஐந்து நிமிடம் முன்பின்னாக எல்லாம் பொருந்திற்று. உரிமையாளர் நல்லவர்தான், பேட்டாவை அன்றே கொடுத்துவிட்டார். ஆனால் டிரைவர் அடுத்த மாதம் வேறு வண்டிக்குப் போய்விட்டார் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

சட்டத்தின் போக்கையும் சுருக்கமாகக் காண்போம். 2016இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதியின்படியும் ஏஐஎஸ் 140 என்ற தரத்தின்படியும், 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொதுப் பயணி வாகனங்களுக்கு இடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் கட்டாயமாயின. பயணியின் பாதுகாப்பு அதன் நோக்கம். சரக்கு லாரிகளில் கருவி புகுந்ததோ பெரும்பாலும் வியாபாரத்தின் வழியாக. நாமக்கல்லை மையமாகக் கொண்ட எல்.பி.ஜி. டேங்கர்களில் எண்ணெய் நிறுவனங்களின் ஒப்பந்த நிபந்தனையாகவும், மற்றவற்றில் டீசல் திருட்டைத் தடுக்கும் எண்ணத்தாலும் அது வந்தது. எந்த வழியாக வந்தாலும் கருவி பதிவது வண்டியின் வழியை மட்டுமன்று. ஓட்டுகிறவன் எங்கே உறங்கினான், எந்த ஊரில் எவ்வளவு நேரம் தங்கினான், பண்டிகைக்கு எந்தத் தெருவில் வண்டியை ஓரங்கட்டினான் என்ற அந்தரங்கங்களையும் சேர்த்துத்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஜாமீனில் விடப்பட்டவர் தம் இருப்பிடத்தைக் கூகுள் மேப்ஸ் வழியே போலீஸாருக்குத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருக்கவேண்டும் என்று நிபந்தனை விதிப்பது செல்லாது என்று 2024 ஜூலை 8 அன்று அதே நீதிமன்றம் கூறியது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, எந்தக் குற்றமும் செய்யாத டிரைவருக்கு ஓரளவேனும் வேண்டாமா என்று கேட்பது மிகையாகாது. உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, உலகத்தார் ஓடிய தடங்களையெல்லாம் திரட்டி 2017இல் வெளியிட்ட ஒளிரும் வரைபடத்தில், பாலைவனங்களில் மறைந்திருந்த ராணுவ முகாம்கள் விளக்கேற்றியதுபோலத் தெரிந்த விஷயத்தையும் இங்கே நினைவூட்டலாம்; தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லாத தடங்கள் திரண்டால் என்னென்னவோ பேசுகின்றன.

இவ்வளவும் சொன்னது கருவியைக் கழற்றி எறியச் சொல்வதற்காக அன்று. தொலைந்த வண்டிகள் இதனால் மீண்டிருக்கின்றன. விபத்து வழக்குகளில் டிரைவர் வேகமாக வரவில்லை என்று நிரூபிக்கவும் இதே தடம் உதவக்கூடும். நம் முன் உள்ள கேள்வி, சாட்சியை எப்படி விசாரிப்பது என்பதுதான். மூலப் புள்ளிகளைக் கேட்டு வாங்குதல், நேரம் எந்த நாட்டு நேரம் என்று பார்த்தல், புள்ளிக்குப் புள்ளி இடைவெளி எவ்வளவு என்று அறிதல், டோல்கேட்டு ரசீதோடும் ஓடோமீட்டரோடும் ஒத்துப்பார்த்தல், இவ்வளவும் ஆன பிறகு ஓட்டினவனைக் கேட்டல் ஆகிய இந்த முறையைக் கடைப்பிடித்தால் ஒரு டிரிப்பின் தடத்தை வாசிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது. அதியமான் பெருவழியின் காதக்கல் சாலையோரத்தில், எல்லார் கைக்கும் எட்டும்படி நின்றது. இன்றைய தடமோ அதை ஓட்டி உண்டாக்கியவன் ஒருவனைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிகிறது.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரி உரிமையாளர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்: டிரிப் முடிந்து கணக்குப் பார்க்கும் அன்று, பேட்டாவில் கைவைப்பதற்கு முன், அந்தத் திரையைச் சற்றே டிரைவர் பக்கமாகத் திருப்பிவையுங்கள்.